பாடகரின் தொண்டையும் என் செத்தல் மிளகாயும்

செத்தல் மிளகாய் வறுக்க வெளிக்கிட்டால் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். ஒக்லாந்தில் இந்த ரானுயிக்கு வந்த முதல் மாதத்திலேயே இதைப் படித்துக்கொண்டேன். வீட்டுக்குள் வறுத்தால் முகட்டில் பூட்டியிருக்கிற புகை மணி கத்தும். ஒருமுறை அது கத்தி, மகன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறி, முன்வீட்டுச் சனம் தெருவுக்கு இறங்கி வந்து, ஒரு கிழமை வாசலில் தலை காட்ட எனக்கு வெட்கமாய் இருந்தது. அதன் பிறகு பின்வளவில் காஸ் அடுப்பை வைத்து அதில் தாச்சியை ஏற்றி வறுக்கப் பழகினேன். உடுப்புக் காயப்போடும் கம்பியில் ஒரு பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். அது ரயில் பாதைப் பக்கம் பறந்தால் வறுக்கலாம். பக்கத்து வீட்டுப் பக்கம் பறந்தால் அடுப்பை அணைத்துவிட்டு மல்லியைப் புடைக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலமை சேலைக் கரை ரயில் பாதைப் பக்கம்தான் பறந்தது. த்ரீ கிங்ஸ் பக்கத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு என்னிடம் கறித்தூள் கேட்டிருந்தார்கள். முதல் தாச்சி கருகாமல் நல்ல நிறத்தில் இறங்கியது. இரண்டாவதைக் கிண்டிக்கொண்டிருந்தபோது கறிவேப்பிலை எடுக்க உள்ளே போனேன். போய் வந்தது இவ்வளவு நேரம்தான். திரும்பி வந்து பார்த்தால் சேலைக் கரை மற்றப் பக்கம் நிற்கிறது. ஒக்லாந்துக் காற்று ஒரு சொல்லில் நிற்காது. புகை வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டின் திறந்த சன்னலுக்குள் யாரோ கூப்பிட்டதுபோல நேரே போய்க்கொண்டிருந்தது.

பிறகு இருமல் கேட்டது. ஆம்பிளை இருமல்.

அந்த வீட்டில் ஆம்பிளை கிடையாது. ஸ்கொட்லாந்திலிருந்து நாற்பது வருசத்துக்கு முன் கப்பலில் வந்த ஒரு அம்மா தனியே இருந்தார். புருசன் செத்துப் பல வருசம். வேலியோரம் அவருக்கு எலுமிச்சை மாதிரிப் புளிக்கிற ஒரு தேசிக்காய் மரம் நின்றது. கடதாசிப் பையில் காய் பிடுங்கி என் பக்கத்து வேலிக் கட்டையில் வைப்பார். நான் வடை சுட்டால் அதே கட்டையில் வைப்பேன். அவர் தன் பாசையில் ஏதோ சொல்லுவார், நான் தலையாட்டுவேன். எனக்குத்தான் இங்கிலிஸ் தெரியாது என்று நினைத்திருந்தேன். "அவ கதைக்கிறது எனக்கே விளங்கிறேல்லை அம்மா, நானும் தலைதான் ஆட்டுறனான்" என்று மகன் சொன்ன பிறகு கொஞ்சம் ஆறுதல். மனதுக்குள் அவரை நான் தேசிக்காய் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

இருமிக்கொண்டு வெளியே வந்த மனிதருக்கு நரைத்த தலைமயிர் தோள்வரை கிடந்தது. நல்ல வெயிலில் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தார். காலில் ஒன்றும் இல்லை. ஒரு கையால் தேசி மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினார். பெரிய மரப்பெட்டிக்குள் யாரோ உதைப்பது மாதிரிச் சத்தம். பின்னால் தேசிக்காய் அம்மா ஈரத் துவாயோடு ஓடி வந்து, எங்கே எரிகிறது என்று தெருப் பக்கம், வானம், ரயில் பாதை எல்லாம் பார்த்தார். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. நான் தாச்சியை மூடி, அடுப்பை அணைத்து, காயப்போட்ட கட்டில் விரிப்புக்குப் பின்னால் குந்திவிட்டேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த வாயால், எந்தப் பாசையில் சொல்லுவது?

பின்னேரம் மகன் பென்ரோஸில் வேலை முடித்து வந்தான். அவனுக்குப் பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிற வேலை. தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டேன்.

"தம்பி, பக்கத்து வீட்டில ஒரு ஆம்பிளை வந்து நிக்குது. சாமியார் மாதிரி மயிர் வளத்திருக்கு."

"அவவின்ர தம்பியாக்கும். வெளியில இருந்து வாறார் எண்டு சொன்னவ."

"அந்தாளுக்கு என்ன வேலை?"

"எனக்கென்னண்டு தெரியும் அம்மா? விசா அதிகாரி மாதிரிக் கேக்கிறியள்."

குப்பைப் பையைத் தெருவில் வைக்கப் போனவன் கனநேரமாகத் திரும்பவில்லை. வரும்போது பை இன்னும் கையில் இருந்தது.

"அம்மா, அந்தாள் ஆரெண்டு தெரியுமே?"

"ஆர்?"

"நான் படிக்கிற காலத்தில ரேடியோவில இங்கிலிஸ் பாட்டுக் கேக்கிறனான். உந்தக் கத்தலை நிப்பாட்டடா எண்டு நீங்கள் பேசுவியள். ஞாபகம் இருக்கோ?"

"ஓம். தகரக் கூரையில கல்லெறிஞ்ச மாதிரி."

"அந்தக் கத்தல் இவர்தான்!"

அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கொட்லாந்தில் ஒரு துறைமுக ஊரில் நாலைந்து பெடியன்கள் சேர்ந்து தொடங்கிய பாட்டுக் குழுவாம். ரொக் என்கிற பாட்டிலேயே கனத்த வகையாம். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக ஊர் ஊராகப் பாடுகிறார்களாம். நாளைக்குப் பின்னேரம், அவன் வேலைசெய்கிற பென்ரோஸ் பக்கம் இருக்கிற பெரிய விளையாட்டு மைதானத்தில் பல குழுக்கள் பாடுகின்றன. அதில் இவர்களும் பாடுகிறார்களாம். இந்தப் பயணத்தில் அதுதான் கடைசி மேடை.

"ஆனா அந்தாளுக்குத் தொண்டை போச்சுது அம்மா. முந்தநாள் வேற ஊரில பாட்டு நடுவில நிண்டுட்டாராம். அவையின்ர பேர்போன பாட்டில உச்சிக்கு ஏறுற ஒரு இடம் இருக்கு, சனமெல்லாம் அதுக்குத்தான் காத்திருக்கும். அதில குரல் உடைஞ்சு போச்சாம். கித்தார் வாசிக்கிறவர் இவரோட பள்ளிக்கூடத்தில இருந்து ஒண்டா வாறவர். நாளைக்கும் இப்பிடியெண்டால் இதோட விடுவம் எண்டு சொல்லிப்போட்டாராம். அக்காக்காரி படலையில நிண்டு அழுகிறா."

"ஐயோ பாவம்."

"அதுக்குள்ள இண்டைக்குக் காலமை ஏதோ நச்சுப் புகை வந்து தொண்டை இன்னும் மோசமாப் போச்சாம். ஆரோ றப்பர் எரிச்சிருக்கினமாம்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ எழும்பினேன். மகன் கழுத்தை நீட்டிப் பின்வளவைப் பார்த்தான். அங்கே தாச்சி மூடியபடி இருந்தது.

"அம்மா."

"காத்து மாறிப்போச்சு ராசா."

"உலகத்தில எத்தினை தொண்டை இருக்கு! உங்களுக்கு இந்தத் தொண்டைதானே அம்மா கிடைச்சுது?"

அவன் சிரித்தானா அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அடுப்படிக்குப் போனேன். வறுப்பதற்கு வைத்திருந்த மல்லியில் ஒரு கை எடுத்து, காய்ந்த இஞ்சி வேர்க்கொம்பு தட்டிப் போட்டு, நாலு மிளகும் சேர்த்து, மூன்று பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை அவித்தேன். கற்கண்டு கொஞ்சம். வடித்து, மூடியுள்ள கோப்பையில் ஊற்றி, வேலிக் கட்டையில் வைத்து, வேலியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலமை கோப்பை கழுவி அதே கட்டையில் இருந்தது. உள்ளே ஒரு தேசிக்காய். நான் எடுக்கப் போன நேரம் பார்த்துத் தேசிக்காய் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வா என்று இழுத்தார். நான் மகனைக் கூப்பிட்டேன். அவன் தலை வாரி இழுத்து, நல்ல சேட்டுப் போட்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி வந்தான்.

பாடகர் அடுப்படி மேசையில் இருந்தார். மேடை வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. முன்னால் ஒரு கொப்பியும் பென்சிலும். கேட்டால் எழுதித்தான் பதில். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. என்னைப் போல வாய் திறக்காத இன்னொரு ஆளும் அந்த அறையில் இருந்தார்.

"தம்பி, புகை என்ர எண்டு சொல்லு."

மகன் இங்கிலிஸில் ஏதோ நீளமாகச் சொன்னான். பாடகர் மரியாதையாகத் தலையாட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவன் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. பெரிய மனிதருக்கு முன்னால் தாயின் குற்றத்தைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரியாமல் அவருடைய மேசையில் இருக்க எனக்கும் மனம் வரவில்லை. நான் சேலை மடிப்பில் ஒரு செத்தல் கொண்டு போயிருந்தேன். அதை எடுத்து மேசையில் வைத்தேன். கையால் தாச்சியில் கிண்டுவது போலக் காட்டினேன். புகை எழும்பி வேலிக்கு மேலால் போவதைக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டேன்.

அவர் செத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. சத்தமில்லாமல் அப்படி ஒரு சிரிப்பு. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கொப்பியில் எழுதினார். மகன் தலை குனிந்தபடி வாசித்தான்.

"சமையலோ எண்டு கேக்கிறார். கொலை செய்யப் பாக்கினம் எண்டு நினைச்சவராம்."

தேசிக்காய் அம்மா சிரிக்கவில்லை. தம்பியின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. இரவு படுக்கையில் யோசித்து வைத்தவை. இத்தனை வருசம் ஒன்றாக இருக்கிறார்களே, அது எப்படி? என் அண்ணன்மார் இரண்டு பேர் ஒரு லொறியை ஒன்பது வருசம் சேர்ந்து ஓட்டினார்கள். அதற்கு மேல் முடியவில்லை. சாகும்வரை இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. இவர்கள் சொந்தக்காரரும் இல்லை.

முதலில், முந்தி என்ன வேலை செய்தவர் என்று கேட்கச் சொன்னேன்.

"பாண் பேக்கரியில வேலையாம். கித்தார்க்காரர் கப்பல் கட்டுற இடத்தில வெல்டிங்காம்."

பாடகர் சேட்டுக் கையை மடித்து முழங்கைக்குக் கீழே ஒரு பழைய சுட்ட தழும்பைக் காட்டினார். பாண் போறணை சுட்டது. நானும் என் மணிக்கட்டைத் திருப்பித் தாச்சி சுட்டதைக் காட்டினேன். அவர் தன்னுடையதையும் என்னுடையதையும் பார்த்து, என்னுடையதுதான் பெரிது என்று விரலால் ஒத்துக்கொண்டார்.

"இவ்வளவு காலம் பிரியாமல் இருக்கிறது எப்பிடியெண்டு கேள்."

அதற்கு அவர் கனநேரம் எழுதினார். பிறகு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரே ஒரு வரி எழுதினார்.

"நாலு தரம் பிரிஞ்சவையாம் அம்மா."

"பிறகு ஏன் சேந்தவை?"

"வேற ஆக்களோட பாடிப் பாத்தவராம். அவை கெட்டிக்காரராம். ஆனா இவர் எந்த இடத்தில பிழை விடுவார் எண்டு அவைக்குத் தெரியாதாம்."

நான் அதை இரண்டு தரம் சொல்லச் சொன்னேன்.

"இன்னுமொண்டு எழுதுறார். ஒரே வான் வண்டியில போறேல்லையாம். இவருக்கு ஒரு வான், கித்தார்க்காரருக்கு ஒரு வான். பத்து வருசமா அப்பிடித்தானாம். மேடையில மட்டும்தான் பக்கத்தில நிக்கிறதாம்."

அப்போது தேசிக்காய் அம்மா ஏதோ சொல்லிவிட்டு எழும்பிப் போய் சன்னலைச் சாத்தினார். காற்று ரயில் பாதைப் பக்கம்தான் அடித்தது. இருந்தாலும் சாத்தினார். இந்தப் பாட்டு நின்றால் தம்பி எதைச் செய்து உயிர் வாழ்வான் என்று அவர் கேட்டதாக மகன் வீட்டுக்கு வந்த பிறகு சொன்னான்.

போகும்போது பாடகர் இரண்டு அட்டைகள் தந்தார். நாடாவில் கோத்துக் கழுத்தில் போடுவது. மகனுக்கு ஒன்று என்பது விளங்கியது. மற்றது எனக்கென்று விளங்கியதும், மாட்டேன் என்று கை இரண்டையும் ஆட்டினேன். அவர் கொப்பியில் எழுதினார். "மருந்தோட வரவேணுமாம். தொண்டையைக் கெடுத்த ஆள்தானே பாக்கவேணும் எண்டுறார்" என்றான் மகன்.

அது நியாயம்தானே.

பிளாஸ்க் நிரம்ப மல்லித் தண்ணி அவித்துக்கொண்டேன். நாலு மணிக்கு மகனின் காரில் போனோம். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் சப்பாத்து, கழுத்தில் அட்டை. மைதானத்துக்குள் போகிற வாசலில் கதவளவு அகலமான ஒரு பொலினேசியக் காவலாளி நின்றார். பிளாஸ்க்கைத் திறந்து மணந்து பார்த்தார். இது என்ன என்று கேட்டார். மகன் அவசரத்தில் மருந்து என்று சொல்லிவிட்டான். மருந்து உள்ளே போகாது என்று காவலாளி மூடியைத் திருகினார்.

"தேத்தண்ணி எண்டு சொல்லியிருக்கலாமேயடா."

"பேசாமல் நில்லுங்கோ அம்மா, கதைக்கிறன்."

கதைத்தான். கடைசியில், அப்படியென்றால் இந்த அம்மா எனக்கு முன்னால் குடித்துக் காட்டட்டும் என்றாராம். நான் ஆட்களுக்கு முன்னால் ஒன்றும் வாயில் வைப்பதில்லை. கலியாண வீட்டிலும் கடைசிப் பந்திதான். பின்னால் கறுத்தச் சட்டைகளும் தாடிகளுமாய் நீண்ட வரிசை. ஆனால் இது இன்னொருவர் குடிக்கிற தண்ணி. வாய் வைத்து எச்சிலாக்க முடியாது. நான் பிளாஸ்க்கை உயரத் தூக்கி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் ஒரு மிடறு ஊற்றிக் குடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. பின்னால் நின்ற தாடிகள் கை தட்டின. காவலாளி எனக்கும் பிளாஸ்க்குக்கும் இரண்டு கையாலும் வழிவிட்டார். மகன் ஒரு பத்தடி தள்ளி நடந்தான்.

மேடையின் பக்கவாட்டில், பெரிய கறுத்தப் பெட்டிகளுக்குப் பின்னால், தேசிக்காய் அம்மா நின்றார். எங்களுக்கும் இடம் காட்டினார்கள். மகன் பண்டகசாலையில் காதுக்குள் வைக்கிற மஞ்சள் பஞ்சு கொண்டு வந்திருந்தான். இரண்டு காதுக்கும் வைத்தேன். வெயில் நல்லாய் எறித்தது. கீழே பார்த்தால் தலைகள், மொட்டைத் தலைகள், தொப்பை வண்டிகள், தோளில் குழந்தையை வைத்திருக்கிற தகப்பன். இளந்தாரிகளாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். பாதிப் பேருக்கு இடுப்பில் நாரி நோ இருக்கும் போலிருந்தது.

கித்தார்க்காரரை அப்போதுதான் கண்டேன். மெலிந்த, குட்டை மனிதர். மூக்குக்கண்ணாடி. தபால் கந்தோரில் இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பாடகரைப் பார்க்காமல் வந்து நின்று, கித்தாரில் ஒரே ஒரு அடி போட்டார். அது என் காதுக்கு வரவில்லை, வயிற்றுக்கு வந்தது. பிளாஸ்க் கையில் அதிர்ந்தது. தவில்காரருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தால் தெரியும், அந்த அதிர்வு. இது அதில் நூறு மடங்கு.

பாடகர் பாடினார். காலமை தோள் குலுங்கச் சிரித்த மனிதர் இவர்தானா என்று பார்த்தேன். காலை அகற்றி வைத்து, ஒலிவாங்கித் தடியைப் பிடித்த பிடியில் அவர் வயது தெரியவில்லை. குரல் கரகரத்தது. இரண்டாம் பாட்டில் அவர் தொடங்கக் கொஞ்சம் பிந்தியது எனக்கே தெரிந்தது. வாசிக்கிறவர்கள் எல்லோரும் முன்னால் ஓடிப்போய் அவருக்காக நின்ற மாதிரி ஒரு கணம். பாட்டுக்கு இடையில் எங்கள் பக்கம் வந்து கையை நீட்டினார். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே இழுவையில் குடித்துவிட்டுப் போனார். ஐந்து தரம் அப்படி வந்தார்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. மகன் என் தோளைத் தட்டி, இதுதான் என்று வாயசைத்தான். சனம் முழுக்கக் கையைத் தூக்கியது. எனக்குப் பாட்டு விளங்கவில்லை, ஆனால் ஏறுகிறது என்று விளங்கியது. படி படியாக ஏறுகிறது. நான் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டேன். என் மிளகாய் செய்த வேலையை நான் கேட்கத்தானே வேண்டும்.

உச்சிக்கு ஒரு படி கீழே வந்ததும், பாடகர் தலையை ஒரு பக்கம் திருப்பினார். ஒலிவாங்கித் தடியைச் சனத்தைப் பார்த்து நீட்டினார். அவர் விட்டது, கித்தார்க்காரர் ஒரு எட்டு முன்னால் வந்தது, அந்த உயரத்தைக் கம்பியில் பிடித்தது மூன்றும் ஒரே கணம். நடுவில் ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. கோயில் மேளத்தில் இரண்டு நாயனக்காரர் இருப்பார்கள். ஒருவருக்கு மூச்சு முடிகிற இடத்தை மற்றவர் முதலே அறிந்து பிடித்துக்கொள்ளுவார். அதேதான். சனம் முழுக்க அந்த உச்சியைப் பாடியது. பாடகர் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.

இது தோற்றதா, அல்லது இவர்கள் வழக்கமே இதுவா? எனக்குத் தெரியவில்லை. மகன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான், அவனிடம் கேட்க முடியாது. தேசிக்காய் அம்மா தம்பியைப் பார்க்கவே இல்லை. கித்தார்க்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் பாடகர் ஒரு பெட்டியில் குந்தியிருந்து மெல்லிய பாட்டு ஒன்று பாடினார். கித்தார் மட்டும். நான் மற்றக் காதுப் பஞ்சையும் எடுத்தேன். குரல் பல இடத்தில் கீறியது. அந்தக் கீறல் கழுவினால் போகிற அழுக்கு மாதிரி இல்லை. துணியில் ஓடுகிற நூல் மாதிரி அதிலேயே இருந்தது. உடையும் உடையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடையவில்லை. இந்தப் பாட்டையா நான் நிற்பாட்டச் சொன்னேன் என்று இருந்தது. ஆனால் மகனிடம் அதைச் சொல்லவில்லை.

வெயில் இறங்க முதல் எல்லாம் முடிந்தது. மேடைக்குப் பின்னால் புல்லில் இரண்டு வெள்ளை வான்கள் நின்றன. பாடகர் வந்து ஒரு கதிரையில் விழுந்தார். பின்னாலேயே கித்தார்க்காரர், முகம் செத்தல் நிறத்தில். வந்த வேகத்திலேயே தொடங்கினார். என்ன சத்தம்! கித்தாரே பரவாயில்லை. பாடகர் எழும்பி, இருந்த கொஞ்சக் குரலில் திருப்பிக் கத்தினார். தேசிக்காய் அம்மா என் கையை நகம் பதியப் பிடித்தார்.

"என்ன தம்பி சொல்லுகினம்?"

"ரெண்டாம் பாட்டில பிந்தினது ஏன் எண்டு அவர் கேக்கிறார்… மேளகாரன்ர பிழை எண்டு இவர்… இது தூசணம் அம்மா, விடுங்கோ… இதுவும் தூசணம்… அந்த உச்சிப் பாட்டைச் சுருதியில ஒரு கட்டை இறக்கவேணும் எண்டுறார். இவர் மாட்டாராம். சனம் பாடுந்தானே எண்டுறார். எல்லா ஊர்ச் சனமும் பாடாது எண்டு அவர்…"

தேசிக்காய் அம்மா முகத்தைக் கையால் மூடினார். முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார்.

என் அண்ணன்மார் பிரிந்த நாளில் நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் கத்தவில்லை. "சரி அண்ணை, உங்கட விருப்பம்." "சரி தம்பி, சந்தோசம்." வெளியார் மாதிரி ஒருவரை ஒருவர் முதலில் குடிக்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு மாதம் முந்திவரை டயருக்குக் காற்று அடிப்பதற்கே தெருவில் நின்று ஏசிக்கொள்ளுவார்கள்.

"தம்பி, அவவை அழவேண்டாம் எண்டு சொல்லு. விட்டிட்டுப் போற ஆள் கட்டை இறக்கிறதுக்குச் சண்டை பிடிக்காது. இனிப் பாடப்போற ஆளுக்குத்தான் அது தேவை. இந்தமுறை நான் சொன்னதை அப்பிடியே சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து தேசிக்காய் அம்மாவின் காதில் சொன்னான். அவர் கையை முகத்திலிருந்து எடுத்து, அந்த இரண்டு பேரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அவர்களைப் பார்த்தார்.

கித்தார்க்காரர் கத்தின கத்தலில் தொண்டை வறண்டு, பாடகருக்கென்று நான் ஊற்றி வைத்திருந்த பிளாஸ்க் மூடியை எடுத்து ஒரு வாய் குடித்தார். தேத்தண்ணி என்று நினைத்திருப்பார். அப்படியே நின்றார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாகின. நான் மகனுக்குப் பின்னால் மறைந்தேன். அவர் மிச்சத்தையும் குடித்து, மூடியைப் பிளாஸ்க்கில் பூட்டி, பிளாஸ்க்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.

சாமான் ஏற்றுகிறவர்கள் வான்களுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினார்கள். பாடகர் கத்திக்கொண்டே தன் வானில் ஏறினார். கித்தார்க்காரர் தன் வானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலை நீட்டி ஏசிக்கொண்டே, பாடகருக்குப் பின்னால் அதே வானில் ஏறினார். கதவு சாத்திய பிறகும் உள்ளே சத்தம் கேட்டது. மற்ற வான் வெறுமையாகப் பின்னால் போனது.

தேசிக்காய் அம்மா மூக்கைச் சீறிவிட்டு, இன்னும் என் கையை விடாமல் நின்றார்.

"அம்மா, உங்கட பிளாஸ்க்!" மகன் ஓட வெளிக்கிட்டான்.

"விடு தம்பி. அந்தத் தொண்டைதானே அடுத்த பயணத்துக்கும் போகுது."